இரண்டு உரைகள், ஒரு விடை: ஆங்கிலத் தேர்வின் 'சிந்தசிஸ்' கேள்வியைப் புரிந்துகொள்வோம்

பிரிட்டனில் பதினாறு வயதை ஒட்டி மாணவர்கள் எழுதும் ஜிசிஎஸ்இ ஆங்கில மொழித் தேர்வில், எட்டு மதிப்பெண் மட்டுமே கொண்ட ஒரு கேள்வி பல வீடுகளில் குழப்பத்தை உண்டாக்குகிறது. ஏக்யூஏ தேர்வு வாரியத்தின் இரண்டாம் தாளில் வரும் இரண்டாம் கேள்வி அது. இரண்டு உரைகளைக் கொடுத்து, அவற்றில் வரும் இரு மனிதர்களுக்கோ இடங்களுக்கோ அனுபவங்களுக்கோ இடையே உள்ள வேறுபாடுகளைச் சுருக்கமாக எழுதச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் வேறுபாடுகளுக்குப் பதிலாக ஒற்றுமைகளைக் கேட்பார்கள். வாசித்தவுடன் எளிதாகவே தோன்றும். பள்ளியின் மாதிரித் தேர்வு விடைத்தாள் திரும்பி வரும்போது எட்டுக்கு மூன்றோ நான்கோதான் இருக்கும். பிள்ளை நிறைய எழுதியிருக்கிறாள், எழுதியதில் தவறும் இல்லை, பிறகு ஏன் இவ்வளவு குறைவு என்று பெற்றோருக்கு விளங்காது.

இந்தக் கேள்வியைப் பற்றி உலவும் அறிவுரைகளே குழப்பத்துக்குப் பெரும்பங்கு காரணம் என்று நினைக்கிறேன். 'இரண்டையும் சுருக்கி எழுது' என்கிறார் ஒருவர். 'ஒப்பிட்டு எழுது' என்கிறார் இன்னொருவர். 'இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொள்' என்கிறார் மூன்றாமவர். மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. மூன்றுமே பிள்ளையைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன. இந்தக் கேள்வி உண்மையில் எந்தத் திறனைச் சோதிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

தாளின் அமைப்பு

நேரம் 1 மணி 45 நிமிடம். மொத்தம் 80 மதிப்பெண். ஆங்கில மொழிப் பாடத்தின் இறுதி மதிப்பெண்ணில் சரிபாதி இந்தத் தாளுக்கு உரியது. வாசிப்புப் பகுதியில் இரண்டு புனைவல்லாத உரைகள் வரும். கடிதம், நாட்குறிப்பு, பயணக் குறிப்பு, பத்திரிகைக் கட்டுரை, தன்வரலாறு என, கற்பனைக் கதையாக இல்லாமல் நடந்ததையும் கண்டதையும் கருதியதையும் சொல்லும் எழுத்தைத்தான் புனைவல்லாத உரை என்கிறோம். ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கும். மற்றது இருபதாம் அல்லது இருபத்தோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

முதல் கேள்வி 4 மதிப்பெண்: எட்டு வாக்கியங்களில் உண்மையான நான்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதுதான் நம் கேள்வி, 8 மதிப்பெண். மூன்றாவது மொழிநடை பற்றியது, 12. நான்காவது எழுத்தாளர்களின் பார்வைகளை ஒப்பிடுவது, 16. மீதி 40 மதிப்பெண் மாணவர் சொந்தமாக எழுதும் கட்டுரைக்கு. எடெக்செல், எடுகாஸ் போன்ற பிற வாரியங்களின் தாள்களிலும் இரண்டு உரைகளை இணைக்கச் சொல்லும் கேள்வி உண்டு. மதிப்பெண்ணும் கேட்கும் முறையும் சற்று மாறும், தேவைப்படும் திறன் ஒன்றே.

அந்தத் திறனுக்குத் தேர்வு வாரியங்கள் வைத்திருக்கும் பெயர் சிந்தசிஸ். வெவ்வேறு உரைகளிலிருந்து சான்றுகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒரே கருத்தின் கீழ் கொண்டுவருவது என்பது அதன் பொருள். இனி இந்தக் கட்டுரையில் அதை 'இணைத்துச் சொல்வது' என்றே குறிப்பிடுகிறேன்.

கல்யாணத்துக்குப் போகாதவரின் கேள்வி

நீங்களும் போகாத ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். போய்வந்த அத்தை, 'இரண்டாம் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துவிட்டது' என்கிறார். போய்வந்த மாமா, 'மண்டபத்தருகே வண்டி நிறுத்த இடமே இல்லை, இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன்' என்கிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா கேட்கிறார்: 'கூட்டம் எப்படியாம்?'

நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'அத்தை பாயசம் தீர்ந்ததாகச் சொன்னார். மாமா வண்டி நிறுத்த இடமில்லை என்று சொன்னார்' என்று ஒப்பிக்க மாட்டீர்கள். 'எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாம் அம்மா. பாயசம் இரண்டாம் பந்தியைத் தாண்டவில்லை, வண்டிகூட இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்தினார்களாம்' என்பீர்கள்.

இந்தச் சாதாரணப் பதிலுக்குள் மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன. அம்மாவின் கேள்வி எந்தத் தகவல் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்தது. அத்தை நகைகளைப் பற்றியும் மாமா நாகஸ்வரக் கச்சேரியைப் பற்றியும் சொல்லியிருந்தால்கூட, அவற்றை நீங்கள் எடுத்திருக்க மாட்டீர்கள். பாயசம் தீர்ந்ததற்கும் இடமில்லாமல் போனதற்கும் பின்னால் இருந்த காரணத்தை நீங்களாக ஊகித்தீர்கள். பிறகு இருவர் சொன்னதையும் ஒரே கருத்தின் கீழ் வைத்தீர்கள். 'எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம்' என்ற வாக்கியத்தை அத்தை சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. இருவர் சொன்னதிலிருந்தும் பிறந்த மூன்றாவது வாக்கியம் அது. எட்டு மதிப்பெண்ணும் அந்த மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான்.

சொன்னதும் சொல்லாமல் சொன்னதும்

ஒரு உரையில் தகவல் இரண்டு விதமாக இருக்கும். எழுத்தாளர் நேரடியாகச் சொல்லிவிடுவது வெளிப்படைத் தகவல். வரிகளுக்குள் பொதிந்திருப்பது, வாசிப்பவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டியது உட்பொருள். உட்பொருளை எடுக்கும் செயலுக்கு உய்த்துணர்தல் என்று பெயர்.

ஏக்யூஏவின் மதிப்பீட்டு அளவுகோல் நான்கு நிலைகள் கொண்டது. ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு மதிப்பெண். கீழ்நிலையில் உரையில் இருப்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். 5, 6 மதிப்பெண்ணுக்கு உரிய நிலையில் தெளிவாக உய்த்துணர்ந்திருக்க வேண்டும். 7, 8 பெற, இரண்டு உரைகளிலிருந்தும் நுட்பமாக உய்த்துணர்ந்து, நன்கு தேர்ந்த சான்றுகளோடு சொல்லியிருக்க வேண்டும். நிறைய எழுதிய பிள்ளை மூன்றில் நிற்பதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. அவள் எழுதியது அத்தனையும் வெளிப்படைத் தகவல். பத்துத் தகவல்களை அடுக்கினாலும், அவற்றால் என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுதாவிட்டால் மேல்நிலைக்குப் போக வழியில்லை.

இதுவரை பார்த்தது: கேள்விதான் எதை எடுப்பது என்று தீர்மானிக்கிறது, எடுத்ததிலிருந்து உய்த்துணர வேண்டும், உய்த்துணர்ந்தவற்றை ஒரே கருத்தின் கீழ் இணைக்க வேண்டும்.

தேம்ஸ் நதி: இரண்டு உரைகள்

இனி உண்மையான பயிற்சிக்கு வருவோம். முதல் உரையாக, 1855ஆம் ஆண்டு ஜூலையில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புனைவல்லாத எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி உரை கிடைப்பது அரிது: சிறியது, தெளிவானது, உட்பொருள் நிறைந்தது.

அதன் சாரம் இது. ஃபாரடே லண்டன் பாலத்துக்கும் ஹங்கர்ஃபோர்டு பாலத்துக்கும் இடையே நீராவிப் படகில் போகிறார். நீர் வற்றியிருக்கும் நேரம். நதி முழுவதும் ஒளிபுகாத வெளிறிய பழுப்பு நிறத் திரவமாக இருக்கிறது. எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்க, வெள்ளை அட்டைகளைத் துண்டுதுண்டாகக் கிழித்து, எளிதில் மூழ்கும்படி ஈரமாக்கி, படகு நின்ற துறைகளில் எல்லாம் நீரில் போடுகிறார். நல்ல வெயில் அடித்தும், ஓர் அங்குல ஆழம் போவதற்குள் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. விளிம்பு கீழாக விழுந்த துண்டின் மேற்பகுதி நீருக்குள் போகுமுன்பே கீழ்ப்பகுதி மறைந்துவிடுகிறது. தெருச் சாக்கடைத் துவாரங்களிலிருந்து வரும் அதே நாற்றம் நதியெங்கும் வீசுகிறது. கிராமப்புறக் காற்றிலிருந்து அப்போதுதான் திரும்பியதால் தன்னை அது கூடுதலாகப் பாதித்திருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தான் மிகைப்படுத்தவில்லை, இவை எளிய உண்மைகள், இவற்றைப் பதிவு செய்வது கடமை என்று கருதினேன் என்கிறார். இந்த நிலையை அலட்சியம் செய்தால், சில ஆண்டுகளுக்குள் ஒரு வெப்பக்காலம் நம் கவனக்குறைவின் மடமையை நிரூபித்துவிடும் என்று எச்சரிக்கிறார்.

இரண்டாம் உரையை இந்தக் கட்டுரைக்காக நானே அமைத்திருக்கிறேன். நம் காலத்தில், படகு வலிக்கும் ஒரு பெண் பத்திரிகையில் எழுதும் பத்தி என்று கொள்ளுங்கள். விடியற்காலையில் பட்னியிலிருந்து ஹேமர்ஸ்மித் பக்கம் படகை வலித்துக்கொண்டு போகிறார். காலை வெயிலில் நீர் மின்னுகிறது. வாடை ஏதும் இல்லை. சற்றுத் தொலைவில் கடல்நாய் ஒன்று தலையை நீட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. முந்தைய இரவு கனமழை பெய்திருந்ததால், துடுப்பைப் பிடித்த கையை வாயருகே கொண்டுபோக வேண்டாம், கரையேறியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று படகுச் சங்கத்திலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. நீர் இறங்கிய கரையில், கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்ட ஈரத்துடைப்புத் தாள்கள் மண்ணோடு ஒட்டிக்கிடக்கின்றன. வீட்டுக்குப் போகுமுன் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்குகிறார். 'நான் இந்த ஆற்றில் நீந்தலாமா?' என்று மகள் கேட்டதற்கு, 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்.

கேள்வி: இரண்டு உரைகளிலும் காணும் தேம்ஸ் நதியின் நிலையில் உள்ள வேறுபாடுகளைச் சுருக்கமாக எழுதுக.

மூன்று விடைகள்

தேர்வில் விடை ஆங்கிலத்தில் இருக்கும். சிந்தனையின் போக்கு தெரிவதற்காக இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

முதல் மாணவர் எழுதுகிறார்: 'முதல் உரையில் நதி பழுப்பு நிறமாக இருந்தது. ஃபாரடே அட்டைகளைப் போட்டார், அவை மறைந்தன. நாற்றம் அடித்தது. இரண்டாம் உரையில் நீர் மின்னியது. கடல்நாய் வந்தது. கரையில் குப்பை இருந்தது.' இதில் ஒரு தகவலும் தவறில்லை. ஆனால் இரண்டு உரைகளும் அருகருகே நிற்கின்றன, ஒன்றையொன்று தொடவில்லை. வேறுபாடு என்ன என்று கண்டுபிடிக்கும் வேலை திருத்துபவரின் தலையில் விழுகிறது.

இரண்டாவது மாணவர்: 'ஃபாரடேயின் காலத்தில் நதி மிகவும் மாசுபட்டிருந்தது; வெள்ளை அட்டைகூட ஓர் அங்குலத்துக்குள் மறைந்துவிட்டது. மாறாக, இன்றைய நதி சுத்தமாக இருப்பதால் கடல்நாய் வாழ முடிகிறது.' இப்போது வேறுபாடு என்று ஒன்று இருக்கிறது, இரு பக்கமும் சான்று இருக்கிறது, உய்த்துணர்தலும் இருக்கிறது. குறை எங்கே? இரண்டாம் உரையின் பாதியை இந்த விடை மறைத்துவிட்டது. குறுஞ்செய்தியும் துடைப்புத் தாள்களும் 'சுத்தம்' என்ற சொல்லோடு ஒத்துப்போகவில்லை. அன்று அழுக்கு, இன்று சுத்தம் என்ற நேரான கோடு வசதியாக இருந்ததால் அதற்கேற்ப உரையை வளைத்துவிட்டார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே மிகுதியாகச் செய்யும் பிழை இது.

மூன்றாவது மாணவர்: 'ஃபாரடே பார்த்த மாசு கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பாதது. நல்ல வெயிலிலும் வெள்ளை அட்டை ஓர் அங்குலத்துக்குள் மறைகிறது, நாற்றம் நதியெங்கும் வீசுகிறது. ஆகவே ஏதோ ஓரிடத்தில் மட்டுமல்லாமல் நதியே முழுதாகக் கெட்டிருந்தது என்று தெரிகிறது. படகு வலிக்கும் பெண் காணும் நதியிலோ மாசு பெரும்பாலும் மறைந்திருக்கிறது. நீர் மின்னுகிறது, வாடை இல்லை; ஆனாலும் மழை பெய்த மறுநாள் கையைக் கழுவும்படி எச்சரிக்கை வருகிறது. ஃபாரடேயின் படகில் இருந்தவர்களுக்கு ஆபத்தைத் தெரிந்துகொள்ள வேறு யாரும் தேவைப்படவில்லை. இன்று அதைக் குறுஞ்செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது.'

மூன்றாவது விடையில் தகவல்களின் எண்ணிக்கை முதல் விடையைவிடப் பெரிதாகக் கூடவில்லை. கூடியிருப்பது 'கண்ணுக்குத் தெரியும் மாசு, மறைந்திருக்கும் மாசு' என்ற கருத்து. அது எந்த உரையிலும் இல்லை. இரண்டையும் ஒரே கேள்வியோடு படித்ததால் மாணவரின் மனத்தில் உண்டானது. ஒவ்வொரு சான்றும் அந்தக் கருத்துக்கு வேலை செய்கிறது. கருத்தை எடுத்துவிட்டால் பத்தி சரிந்துவிடும். இணைத்துச் சொல்வது நடந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியவில்லை: முதல் உரை பற்றிய பாதியை மறைத்துக்கொண்டு படியுங்கள். மீதி தனியாகவே நிறைவாக நின்றால், இணைப்பு நடக்கவில்லை.

இந்த உரைகளிலிருந்து இன்னொரு வேறுபாட்டையும் எடுக்கலாம். ஃபாரடேயின் நதி எப்போதும் அதே நிலையில் இருப்பதுபோல் தோன்றுகிறது. படகு எங்கே நின்றாலும் அட்டைக்கு நேர்வது ஒன்றுதான். இன்றைய நதியின் நிலை நாளுக்கு நாள் மாறுகிறது. தாய் மகளிடம் 'கூடாது' என்று சொல்லவில்லை, 'இன்றைக்கு வேண்டாம்' என்கிறார். அந்த 'இன்றைக்கு' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும் மாணவர் உயர்ந்த நிலைக்கு வந்துவிட்டார். உய்த்துணர்தல் என்பது பெரும்பாலும் இத்தகைய சிறு சொற்களைக் கவனிப்பதுதான்.

எங்கே நிறுத்த வேண்டும்

ஃபாரடேயின் எச்சரிக்கை பலித்தது. 1858ஆம் ஆண்டின் வெப்பமான கோடையில் தேம்ஸின் நாற்றம் நதிக்கரையில் இருந்த நாடாளுமன்றத்தையே உலுக்கியது. அது வரலாற்றில் 'பெரும் நாற்றம்' என்றே பெயர் பெற்றது. அதன் பிறகு ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளரின் திட்டப்படி லண்டனுக்குப் புதிய கழிவுநீர்க் குழாய்கள் அமைந்தன. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் அமைப்பு அது. கனமழையில் நிரம்பினால் மிகுதி நதியில் கலந்துவிடும். அதைத் தடுப்பதற்காக, நதியை ஒட்டி 25 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோண்டிய சுரங்கக் கால்வாய் 2025ஆம் ஆண்டில்தான் முழுமையாக இணைக்கப்பட்டது. படகுச் சங்கங்கள் மழைக்குப் பிறகு எச்சரிப்பதன் பின்னணி இதுதான்.

இவ்வளவும் அருமையான வரலாறு. தேர்வு விடையில் இதில் ஒரு வரிக்கும் மதிப்பெண் கிடையாது. உரைக்கு வெளியே அறிந்தது எதுவும் இந்தக் கேள்வியில் சான்றாகாது; எழுதும் நேரத்தைத்தான் தின்னும். வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வருத்தமாகவே இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

உய்த்துணர்தலுக்கும் இதே எல்லை உண்டு. 'படகு வலிக்கும் பெண்ணுக்கு அரசின்மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான் தானே குப்பை பொறுக்குகிறார்' என்று எழுதினால், உரை அதற்கு ஆதாரம் தருகிறதா? தரவில்லை. 'நதியைப் பேணுவதைத் தன் பொறுப்பாகவும் கருதுகிறார்' என்று எழுதலாம். நிறைந்த பை அதற்குச் சான்று. உய்த்துணர்ந்த ஒவ்வொன்றையும் 'எந்த வரியிலிருந்து?' என்று கேட்டுப் பாருங்கள். விரலை வைத்துக் காட்ட ஒரு வரி இருந்தால் எழுதலாம்.

இணைப்புச் சொல்லால் மட்டும் இணைப்பு வராது

'மாறாக', 'அதேபோல', 'அதற்கு நேர்மாறாக' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். சொற்கள் தேவைதான், ஆனால் அவற்றை முதலில் கொடுப்பதால் பிள்ளை சொல்லைப் போட்டவுடன் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறது. 'ஃபாரடே நீராவிப் படகில் போனார். மாறாக, அந்தப் பெண் கடல்நாயைப் பார்த்தார்' என்ற வாக்கியத்தில் 'மாறாக' இருக்கிறது. மாறுபாடு எதுவும் இல்லை. படகும் கடல்நாயும் ஒரே விஷயத்தின் இரு பக்கங்கள் அல்ல. இரண்டு சான்றுகள் ஒரே அம்சத்தைப் பற்றிப் பேசினால்தான் அவற்றுக்குள் வேறுபாடு என்று ஒன்று இருக்க முடியும்: நிறத்துக்கு நிறம், வாடைக்கு வாடை, ஆபத்தை அறியும் வழிக்கு ஆபத்தை அறியும் வழி. அம்சத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டால் பொருத்தமான சொல் தானே வந்துவிடும்.

கேள்வி ஒற்றுமைகளைக் கேட்டாலும் முறை மாறாது. ஃபாரடேயும் அந்தப் பெண்ணும் பொழுதுபோக்காக நதியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அல்லர். ஒருவர் பதிவு செய்வது கடமை என்கிறார், மற்றவர் பையை நிரப்புகிறார். பார்த்த பிறகு சும்மா இருக்க இருவராலும் முடியவில்லை. கடிதம், பை என்ற இரு வேறு சான்றுகளை ஒரே மனநிலை இணைக்கிறது.

நான்காம் கேள்வியோடு கலந்துவிட வேண்டாம்

இரண்டு உரைகளையும் பயன்படுத்தும் கேள்வி இந்தத் தாளில் இன்னொன்றும் இருப்பதால் குழப்பம் இயல்பானது. இரண்டாம் கேள்வி, உரையில் சொல்லப்பட்டதைப் பற்றியது: நதி எப்படி இருந்தது, மனிதர்கள் எப்படி இருந்தார்கள். நான்காம் கேள்வி, எழுதியவரைப் பற்றியது: நதியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், அந்த எண்ணத்தை எந்த எழுத்து உத்தியால் நமக்குக் கடத்துகிறார். ஃபாரடே உணர்ச்சி வார்த்தைகளை அடக்கிக்கொண்டு ஓர் ஆய்வுக் குறிப்புபோல எழுதி, அதனாலேயே படிப்பவரை அதிர வைக்கிறார் என்பது நான்காம் கேள்விக்கான அருமையான கருத்து. அதையே இரண்டாம் கேள்வியில் எழுதினால் பயனில்லை. உவமை, உருவகம், சொல்லாட்சி பற்றிய எந்தப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை.

மீண்டும் சுருக்கமாக: இரண்டாம் கேள்வியில் உரைக்குள் இருக்கும் உலகத்தை இணைக்கிறோம், நான்காம் கேள்வியில் இரு எழுத்தாளர்களை ஒப்பிடுகிறோம்.

நேரம் பற்றி ஒரு சொல். எட்டு மதிப்பெண்ணுக்குப் பத்து நிமிடம் போதும். நன்றாக இணைந்த இரண்டு அல்லது மூன்று கருத்துகள் எழுத அது போதுமான நேரம். உரையைப் படிக்குமுன்பே கேள்வியைப் படித்துவிடுவதும், படிக்கும்போதே கேள்விக்கு உரிய வரிகளைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, இரு உரைகளிலும் ஒரே அம்சத்தைப் பேசும் வரிகளுக்கு ஒரே எண்ணை ஓரத்தில் இடுவதும் நல்ல பழக்கம். இருபுறமும் எண் கிடைக்காத வரியை விட்டுவிடலாம்.

அமெரிக்கத் தேர்வில் இதே பெயரில் வருவது

அமெரிக்காவில், பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி ஆங்கில மொழித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் 'சிந்தசிஸ்' கட்டுரை உண்டு. 2007ஆம் ஆண்டிலிருந்து அது தேர்வில் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் எதிர்பார்ப்பில் ஒரு பெரிய மாற்றம் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒரே பொருள் பற்றி ஆறு மூலங்கள் தரப்படும். வரைபடமோ படமோகூட அவற்றில் இருக்கும். வாசிக்க 15 நிமிடம் தனியாக உண்டு. அவற்றில் குறைந்தது மூன்றையாவது பயன்படுத்தி, மாணவர் தன் சொந்த நிலைப்பாட்டை வாதிட வேண்டும். ஆறு மதிப்பெண்ணில் ஒன்று நிலைப்பாட்டுக்கு, நான்கு சான்றுகளுக்கும் அவற்றின் விளக்கத்துக்கும், ஒன்று சிந்தனையின் முதிர்ச்சிக்கு.

ஜிசிஎஸ்இயில் சொந்தக் கருத்துக்கு இடமில்லை. ஏபியில் சொந்தக் கருத்து இல்லாமல் கட்டுரையே இல்லை. ஆனால் தோல்வி ஒரே மாதிரி வருகிறது. முதல் பத்தியில் முதல் மூலம், இரண்டாம் பத்தியில் இரண்டாம் மூலம், மூன்றாம் பத்தியில் மூன்றாம் மூலம் என்று வரிசையாக அறிமுகம் செய்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பத்தியையும் ஒரு மூலத்துக்கு ஒதுக்காமல் வாதத்தின் ஒரு படிக்கு ஒதுக்கினால், ஒரே பத்திக்குள் இரண்டு மூலங்கள் ஒன்றையொன்று தாங்கியோ மறுத்தோ பேசத் தொடங்கிவிடும்.

வீட்டில் பழகுவதற்கு

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், தங்கள் ஆங்கிலம் போதாது என்று நினைத்துப் பெற்றோர் இந்தப் பாடத்திலிருந்து முற்றாக விலகி நிற்பதுண்டு. அதற்குத் தேவையே இல்லை. இணைத்துச் சொல்வது ஒரு சிந்தனைப் பழக்கம். எந்த மொழியிலும் பழகலாம்.

ஒரே மழை வெள்ளத்தைப் பற்றிய இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அதிகாரிகளின் அறிக்கையை வைத்து எழுதியது, மற்றது தெருவில் வாழ்பவர்களின் பேட்டி. தமிழ்ச் செய்தியாகவும் இருக்கலாம், ஆங்கிலமாகவும் இருக்கலாம். பிள்ளை படித்த பிறகு, 'என்ன போட்டிருக்கிறது?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி இரண்டு தனித்தனிச் சுருக்கங்களைத்தான் வரவழைக்கும். 'உதவி எவ்வளவு விரைவில் வந்தது?' என்பதுபோல் குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். விடை ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், அதற்குள் இரண்டு செய்திகளும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. முதலில் வாயால் சொல்லட்டும், எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில். சொன்னது திருத்தமானதும் ஆங்கிலத்தில் எழுதட்டும்.

பிறகு அதே இரண்டு செய்திகளை வைத்துக் கேள்வியை மட்டும் மாற்றுங்கள்: 'வெள்ளத்துக்கு யார் காரணம் என்கிறார்கள்?' சற்று முன் பயன்பட்ட வரிகளில் பல இப்போது பயன்படாது. கண்ணில் படாமல் கிடந்த வரிகள் முன்னால் வரும். எந்த வரியை விட்டது, எதைப் புதிதாக எடுத்தது, ஏன் என்று பிள்ளையிடமே கேளுங்கள். அந்த 'ஏன்' எளிதாக வரத் தொடங்கிய பிறகு பழைய தேர்வுத் தாள்களை எடுத்துக் கொடுக்கலாம். ஏக்யூஏவின் இணையதளத்தில் அவை மதிப்பீட்டுக் குறிப்புகளோடு கிடைக்கின்றன.